தன்லியினில் ஒரு பனிமலைத் தொழுவம்

ரங்கூன் வெயிலில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நடமாடிய ஒரே ஆளை எனக்குத் தெரியும். பச்சை நிறத் தொப்பி. பக்கவாட்டில் ஏதோ ஒரு பறவையின் இறகு. ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் தன்லியின் ஊர்க் கடைத்தெருவில், பங்குனி மாதத்து மத்தியானத்தில், நெற்றியில் வழியும் வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வருவார். "தொப்பியக் கழட்டிருங்களேன் சயா" என்று யாராவது சொன்னால் அவருக்குப் பரிதாபமாக இருக்கும், சொன்னவர்கள் மேல். "அங்கெல்லாம் தொப்பி இல்லாம வாசல தாண்ட மாட்டாங்க" என்பார்.

அங்கே என்றால் ஐரோப்பாவில், பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பள்ளத்தாக்கு. மாடு வளர்ப்பவர்களின் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சிலர், வேறு நாடுகளில் மாடு வளர்ப்பவர்களை வரவழைத்துத் தங்கள் தொழிலைக் காட்ட விரும்பினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போய் வந்தவர் இவர். தன்லியின் மாட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவர் என்று தன்னைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தாராம். அப்படி ஒரு சங்கம் எங்களிடம் இருந்ததே இல்லை. அவரிடம் மாடும் இருந்ததில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் தேநீருக்கு டப்பாப் பால்தான் ஊற்றுவார்கள்.

பர்மியர்கள் வாத்தியாரையும் வைத்தியரையும், கொஞ்சம் பயப்பட வேண்டிய பெரியவர்களையும் சயா என்பார்கள். எங்கள் தமிழ் ஆட்களும் அவரை அப்படியே கூப்பிட்டார்கள். யாருக்கு அவர் என்ன கற்றுக்கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது அவர் தவுஞ்சியில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார். அது குளிரும் மலை ஊர். அந்தத் தொப்பிக்காவது நல்ல காலம் பிறந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் மாடு பார்ப்பது என் அக்கா மங்கை. சயா அவளை, பர்மியர்கள் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவதுபோல, மா மங்கை என்பார். அத்தான் மலேசியாவுக்கு வேலைக்குப் போனவர். வருடத்தில் பாதி நாள் அவர் குரல் தொலைபேசியில்தான். அக்காவின் மாடுகள் தரும் பால் தன்லியின் தேநீர்க் கடைகளுக்குப் போகும். அதில்தான் வீடு நடந்தது. நான் பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பஸ் பிடித்து, ரங்கூனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் போய்வருவேன். ஆங்கிலம் அங்கே பழகியது. இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

சயா ஊர் திரும்பிய புதிதில் ஒரு காலை எங்கள் தொழுவத்துக்கு வந்தார். அக்கா சிவப்பியைக் கறந்துகொண்டிருந்தாள். சிவப்பி எங்கள் மாடுகளில் மூத்தது, சாது. புதுப்பாலில் ஒரு குவளை கேட்டு வாங்கி, வாயில் வைத்துக் கொப்பளிப்பதுபோல இரண்டு பக்கமும் உருட்டி, தரையில் துப்பினார்.

"பிண்ணாக்கு வாசம் வருது, மா மங்கை. அங்கெல்லாம் பால்ல பூ வாசம் வரும். மாடு மலையில பூவத்தான் மேயும்."

"எங்க மாடு எள்ளுப் பிண்ணாக்குதான் சயா திங்குது. பூவெல்லாம் கோயிலுக்குப் போயிருது" என்றாள் அக்கா.

அக்காவுக்குக் கோபம் வராது. எனக்கு வந்தது. பால் துப்பின இடத்தில் ஈ மொய்க்கிறதே என்று கூட இல்லாமல், அந்தப் பூக்களின் நிறம் என்ன, பெயர் என்ன என்று அவர் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். பிறகொரு நாள் அவர் அங்கே எடுத்த படங்களை எல்லாம் காட்டினார். ஒவ்வொன்றிலும் பனி. கூரையில் பனி, வேலியில் பனி, அவர் தொப்பியில் பனி. மாடுகள் எல்லாம் உள்ளே கட்டிக் கிடந்தன. பூவையோ மேய்ச்சலையோ அந்த மனிதர் கண்ணால் பார்த்ததே இல்லை. குளிர்காலத்தில் போய், குளிர்காலத்திலேயே திரும்பியிருக்கிறார். நான் இதைக் கேட்டபோது, "பூ பனிக்குக் கீழ இருக்கும் தங்கச்சி" என்றார்.

அடுத்து வந்தது காய்ந்த புல். அங்கெல்லாம் கோடையில் புல்லை அறுத்து உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பார்களாம். நாம் ஏன் தினமும் ஆற்றோரம் போய்ப் பச்சைப்புல் அறுத்துச் சாக வேண்டும்? கேள்வி நியாயம்தான். ஆனால் அவர் அதைச் செய்யத் தேர்ந்தெடுத்தது ஆடி மாதம். எங்கள் ஊரில் ஆடியில் மழை வந்துவிட்டுப் போகாது, இங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடும். அவருடைய காலி மனையில் எல்லோரும் அவரவர் அறுத்த புல்லைக் கொண்டுவந்து பரப்பினார்கள். சில நாளில் அது கருத்து, பூஞ்சை பிடித்து, காலால் தொட்டால் புகை கிளம்பியது. ஒரு மாடும் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இங்க மாட்டுக்குப் பழக்கம் இல்ல" என்று சயா மாடுகளின் மேல் பழியைப் போட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பர்மிய மொழியில் அனாடே என்று ஒன்று உண்டு. எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று நாம் நம் வாயை மூடிக்கொள்வது. தலைமுறை தலைமுறையாக இங்கே இருந்து எங்கள் ஆட்களுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சயா மாதிரி ஒருவர் பிழைப்பு நடத்துவதற்கு அதைவிட நல்ல மண் கிடையாது.

மாட்டுப் பொங்கலன்று நடந்ததைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. எங்கள் பக்கத்தில் அன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, கோயில் வரை நடத்திப் போவோம். சயா கிறிஸ்தவர், ஆனாலும் முன்னால் வந்து நின்றார். கையில் அங்கிருந்து கொண்டுவந்த பித்தளை மணி, சோறு வடிக்கும் பானை அளவு. அதைச் சிவப்பியின் கழுத்தில்தான் கட்டுவேன் என்றார். மணி ஏறியதும் சிவப்பி தலையைத் தொங்கப் போட்டது. ஒரு அடி வைத்தது, மணி அடித்தது, மிரண்டு நின்றுவிட்டது. தட்டினோம், தள்ளினோம், வெல்லம் காட்டினோம். அசையவில்லை. பின்னால் வந்த மாடுகள் எல்லாம் தெருவை அடைத்து நின்றன.

"அங்கெல்லாம் இந்த மணியக் கட்டினா மாடு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கும்" என்றார் சயா.

கடைசியில் மணியை அவிழ்த்து அவரிடமே கொடுத்தோம். மனிதர் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்டி ஆட்டி அடித்துக்கொண்டு, மாடுகளுக்கு முன்னால் கோயில் வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவரை வெறும் கோமாளி என்று நினைத்திருந்த காலம் அது.

பிறகு நிலம் கைவிட்டுப் போனது. எங்கள் ஓலைத் தொழுவம் நின்ற இடம் வாடகை இடம். நாலு கம்பு, மேலே ஓலை, சுற்றிலும் திறப்பு. ஆற்றுக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். இடத்தின் சொந்தக்காரர் அதைக் கிடங்கு கட்ட விற்றுவிட்டார். அதே நிலத்தில் மாடு கட்டியிருந்த மற்ற வீட்டுக்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். தன்லியினில் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் இடம் கிடைக்கும். மாட்டுக்குக் கிடைக்காது.

சயாவிடம் நிலம் இருந்தது, மாடு இல்லை. எங்களிடம் மாடு இருந்தது, நிலம் இல்லை. பள்ளத்தாக்குக்காரர்களிடம் அவர் உதவி கேட்டு எழுத, அவர்களும் நல்ல மனதோடு பணம் அனுப்பினார்கள். அவருடைய மனையில் பொதுத் தொழுவம் எழும்பியது.

அந்தத் தொழுவத்தை நான் எப்படிச் சொல்ல? படத்தில் இருந்ததை அப்படியே கட்டினார். நாலு பக்கமும் செங்கல் சுவர். பனி சரிந்து விழுவதற்காகச் செங்குத்தான கூரை, அதுவும் தகரத்தில். மாட்டின் தலை நுழையாத சின்ன ஜன்னல்கள், அவற்றுக்கு மரக்கதவுகள், கதவுக்குக் கீழே பூந்தொட்டி. முதலில் வைத்த நிஜப் பூவை ஒரு மாடு நாக்கை நீட்டி வளைத்துத் தின்றுவிட்டது. அப்புறம் பிளாஸ்டிக் பூ வைத்தார். ஆற்றைப் பார்த்த பக்கம்தான் காற்று வரும் பக்கம். அந்தப் பக்கம் ஒரு துளை கூட இல்லை. படத்தில் அந்தப் பக்கம் மலை இருந்ததாம்.

அக்கா முதல் நாளே கேட்டாள். "சயா, ஆத்துப் பக்கம் சுவரப் பாதியோட நிறுத்தியிருக்கலாமே. மாட்டுக்கு மூச்சு முட்டுமே."

"ஃபேன் போட்டிருக்கேன்ல?"

"மீ போயிருச்சுன்னா?" மின்சாரத்தை நாங்கள் பர்மியர்கள் போலவே மீ என்போம். அது வருவதைவிடப் போவதுதான் அதிகம்.

"அங்கெல்லாம் மீ போறதே இல்ல, மா மங்கை."

அக்கா சிவப்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். சிவப்பி அப்போது சினை. வேறு எங்கே கொண்டுபோய்க் கட்டுவாள்?

வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவர் வந்தார். பர்மாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தங்கள் உதவியில் எழும்பிய தொழுவத்தையும் பார்த்துவிட்டுப் போக விரும்பினார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் சிவந்த கழுத்து, தடித்த விரல்கள். பார்த்தாலே மாட்டுக்காரர் என்று தெரிந்தது. அவரோடு வந்த பர்மிய வழிகாட்டியை சயா தேநீர்க் கடைக்கு அனுப்பிவிட்டார். "நம்ம ஆளுங்களுக்கு நம்ம பாஷையில நானே சொல்றேன்." மாட்டுக்காரர்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நான் வேலை முடித்து நேரே அங்கே போய், பின்னால் சுவரோரம் நின்றேன். சயா என்னைப் பார்க்கவில்லை.

வந்தவர் உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தகரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவான ஆங்கிலத்தில், சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார். இது என் தாத்தா காலத்துத் தொழுவம். பனிக்காக அவர் கட்டினார். நாங்கள் இப்போது அந்தச் சுவர்களை உடைத்துத் திறந்துவிட்டோம். எங்கள் ஊரிலும் கோடை தாங்கவில்லை. மேலே மேய்ச்சல் நிலத்தில் ஊற்று வற்றிப் போய்விட்டது. போன கோடையில் தண்ணீர் இல்லாமல் மாடுகளைப் பாதியிலேயே கீழே ஓட்டி வந்தோம். பாதி மாடுகளை விற்றுவிட்டேன். வெயிலில் மாடு வளர்க்க உங்களுக்குத்தான் தெரியும்; அதைக் கேட்டுப்போகலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் ஏன் எங்கள் தாத்தாவைப் போலக் கட்டினீர்கள்?

கடைசிக் கேள்வியை அவர் கேட்டபோது குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

சயா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்கள் ஆட்களின் பக்கம் திரும்பினார். "நம்ம தொழுவத்தப் பாத்து அவருக்கு மனசு உருகிருச்சு. அவங்க தாத்தா கட்டின மாதிரியே இருக்காம். நம்ம மாட்டுக்காரங்க எல்லாரும் இதப் பாத்துக் கத்துக்கணும்கறாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். வந்தவர் குழம்பிப் போய், அவரும் லேசாகக் கை தட்டினார்.

எனக்கு அனாடே எல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ. சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தேன். "அவரு அப்படிச் சொல்லல" என்று சொல்லி, அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். சுவரை உடைத்ததை, ஊற்று வற்றியதை, மாட்டை விற்றதை எல்லாம்.

சயா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"தங்கச்சிக்குத் தெரிஞ்சது ஹோட்டல் இங்கிலீசு. சாவி எடு, சாவி குடு. மலைக்காரங்க இங்கிலீசு வேற. பனிமலையில ஊத்து வத்துமா? யாராச்சும் கேட்டிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் நிம்மதியோடுதான் சிரித்தார்கள். அவர் சொன்னதை நம்பினால் நாளைக்கும் மாடு கட்ட இடம் உண்டு. என்னை நம்பினால் தெருதான்.

வந்தவர் இதற்குள் சிவப்பியின் பக்கம் போய்விட்டிருந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்க, விலா ஏறி இறங்க அது நின்றது. அவர் அதன் தாடைக்கு அடியில் கை கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் தலையிலிருந்த ஓலைத் தொப்பியை எடுத்து, அதன் முகத்துக்கு விசிறத் தொடங்கினார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் அக்கா சயாவிடம் போனாள். ஆற்றுப் பக்கம் ஒரு திறப்பாவது வைக்க விடுங்கள் என்று கெஞ்சினாள். நான் கூடவே இருந்தேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "அனாடே இல்லையா, மா மங்கை? அவ்வளவு தூரத்துல இருந்து நம்பி அனுப்பியிருக்காங்க. படத்துல இருக்கிற மாதிரியே இருக்குன்னு சொல்லியிருக்கேன். உடைச்சா அவங்க மனசு என்ன ஆகும்?"

எல்லோருடைய அனாடேயையும் வைத்துப் பிழைத்த மனிதர், தன் அனாடேயை எங்கள் மாட்டின் மூச்சுக்கு மேலே வைத்தார்.

சித்திரை பிறந்தது. வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. மீ காலையில் போனால் சாயங்காலம் வரை வராது. செங்கல் சுவர் சூடேறி, தொழுவத்துக்குள் நுழைந்தால் அடுப்படியில் நுழைந்ததுபோல இருக்கும். அக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் ஆவியாகி உள்ளேயே நின்றது. விடுமுறை நாள் என்பதால் அன்று நானும் இருந்தேன். மத்தியானம், நிறைசினையாக இருந்த சிவப்பி முன்னங்காலை மடித்து விழுந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

அக்கா அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வெளியே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். ஆற்றுப் பக்கத்துச் சுவரில் இறக்கினாள். நான் இன்னொரு பக்கம் கல்லைப் பிடித்து இழுத்தேன். சயா தொப்பி இல்லாமல் ஓடிவந்தார்; அவர் வழுக்கையை அன்றுதான் முதலில் பார்த்தேன். "மா மங்கை, மா மங்கை, என்ன செய்யறீங்க, அங்கெல்லாம்..."

"அங்க போயி இருந்துக்குங்க" என்றாள் அக்கா, அடிப்பதை நிறுத்தாமல்.

என் அக்கா யாரையும் எடுத்தெறிந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கையைக் கட்டிக்கொண்டு நின்ற மற்ற மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக லோஞ்சிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுவர் விழுந்தது. ஆற்றுக் காற்று உள்ளே வந்தது.

சிவப்பி பிழைத்தது. கன்று வயிற்றிலேயே செத்திருந்தது. அக்கா அதை வெளியே எடுத்து, கழுவி, துணியில் சுற்றிவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்து அழுதாள். கிடேரிக் கன்று. இருந்திருந்தால் இன்றைக்குப் பால் கறந்திருக்கும்.

சயா சில நாள் தலைகாட்டவில்லை. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மனிதர்களைப் பற்றி நான் கொஞ்சம் உயர்வாகவே நினைத்துவிடுகிறேன் போலிருக்கிறது. ஒரு சாயங்காலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாகேதாவிலிருந்து மாட்டுக்காரர்கள் சிலர் தொழுவத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தவர் அவர்தான். தொப்பி இருந்தது, இறகும் இருந்தது. அக்கா சிவப்பியைக் கறந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பால் குவளையோடு நின்றேன். இடிந்த சுவரின் விளிம்பை அதற்குள் ஆள் விட்டுச் சிமெண்ட் பூசி நேராக்கியிருந்தார். அதில் கை வைத்துச் சொன்னார்:

"இந்தத் திறப்பு ரொம்ப முக்கியம். அங்கெல்லாம் இப்ப பழைய சுவர உடைச்சுத் திறந்து விட்டுட்டாங்க. கோடை தாங்கல. மேல ஊத்தெல்லாம் வத்திப்போச்சு, மாட்டையே பாதி வித்துட்டாங்க. போன தடவ வந்தாரே, அவரு எங்கிட்ட நேராச் சொன்னாரு."

பால் பீய்ச்சும் சத்தம் நின்றது. அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே புரிஞ்சிருக்கு" என்றாள்.

தாகேதாக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சயா வாயைத் திறந்தார். அங்கெல்லாம் என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. வேர்வையை ஒற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார், அக்கா சொன்னதை வேறு ஏதாவதாக நான் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்பதுபோல.

நான் பால் குவளையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.